ரோட்டோரம் நிற்கும் காடிக்கு என்ன பூட்டு?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்ட தம்பி சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விற்ற பிறகு எழும்பிய தாமான் ஒன்றில் இருக்கிறார். வீட்டு கேட்டுக்குள் ஒரு கார்தான் நிற்கும்; அந்த இடம் அண்ணனுக்கு. இவருடைய பழைய மைவி வெளியே, ரோட்டோரம். போன மாதம் நாலு வீடு தள்ளி ஒரு விவா கார் காணாமல் போனதிலிருந்து ராத்திரி தூக்கம் கெட்டுவிட்டது. ஜிபிஎஸ் வைத்து மாதாமாதம் பணம் கட்ட இஷ்டமில்லை, கையில் 200 வெள்ளி இருக்கிறது. இரும்பு, சங்கிலி, பூட்டு என்று பழைய முறையில் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

26 வருஷம் ஒர்க்‌ஷாப் நடத்தியவன் நான். இப்போது மகன் பார்க்கிறான், நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்கிறேன். பூட்டு விற்றவன் இல்லை. பூட்டு உடைந்த கார்களைச் சரிசெய்து கொடுத்தவன். அந்தப் பக்கத்திலிருந்துதான் பேசமுடியும்.

என் சொந்தக் கதையையே முதலில் சொல்கிறேன். பழைய இஸ்வாரா ஒன்று வைத்திருந்தேன். தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ போயிருந்தோம். பெரிய ரோடு முழுக்க கூட்டம். ஒரு சந்தில் நிறுத்தினேன். ஸ்டீரிங் லாக் பின் சீட்டுக்குக் கீழே கிடந்தது. பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள், பால்குடம் கையில், வெயில் ஏறுகிறது, யார் குனிந்து எடுப்பது? திரும்பி வந்தால் சந்து இருக்கிறது, காடி இல்லை. ஒன்பது நாள் கழித்து ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் கிடைத்தது. இன்ஜின் இல்லை, நாலு சக்கரமும் இல்லை, முன் சீட் இரண்டும் இல்லை. பின் சீட்டுக்குக் கீழே ஸ்டீரிங் லாக் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. அது ஒன்றுதான் அவனுக்குத் தேவைப்படவில்லை.

அதனால் எந்தப் பூட்டை வாங்கினாலும், மழையில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் மாட்டமுடியுமா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். முடியாது என்றால் இரண்டு வாரத்தில் அது சீட்டுக்கு அடியில் போய்விடும்.

சரி, ஸ்டீரிங் லாக். நம் டவுன் ஹார்ட்வேர் கடையில் தவுக்கேயிடம் கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது இதுதான். இரண்டு கொக்கி வைத்த நீளக் கம்பி. 1986-ல் அமெரிக்காவில் 'தி கிளப்' என்ற பெயரில் இது பிரபலமானது, அப்புறம் உலகம் முழுக்க ஆளாளுக்குச் செய்தார்கள். கம்பி கெட்டியான இரும்புதான். ஆனால் அது பிடித்திருப்பது எதை? ஸ்டீரிங் வட்டத்தை.

ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்ட ஸ்டீரிங் ஒன்றை வைஸில் மாட்டி, எடுபிடிப் பையனிடம் ஹாக்சா கொடுத்து அறுக்கச் சொன்னேன். கறுப்பு ரப்பர் மாதிரியான மேல்தோல் வெண்ணெயாக வெட்டுப்பட்டது. உள்ளே சுண்டுவிரல் கனத்தில் வெளிறிய உலோகம். அதுவும் பெரிதாக எதிர்க்கவில்லை. நான் கோப்பியை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் வட்டம் அறுந்து, பையன் அதைக் கையால் வளைத்துக் காட்டினான். கள்ளன் கம்பியை அறுக்க மாட்டான், ஸ்டீரிங்கைத்தான் அறுப்பான். வெட்டிய இடம் வழியாகக் கொக்கியை உருவிவிட்டால் முடிந்தது.

அப்படியென்றால் ஸ்டீரிங் லாக் வீணா? இல்லை. அறுக்கும்போது சத்தம் வரும், காருக்குள் உட்கார்ந்தபடி இழுக்கவேண்டும், பக்கத்திலேயே பூட்டில்லாத கார் இருந்தால் அவன் அதற்குத்தான் போவான். இதற்குப் பெரிய சாட்சி அமெரிக்காவிலேயே இருக்கிறது. அங்கே விற்ற ஹூண்டாய், கியா கார்களில் பல மாடல்களுக்கு இம்மொபிலைசர், அதாவது சரியான சிப் சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத சாதனம், வைக்காமல் விட்டுவிட்டார்கள். 2021, 2022-ல் சின்னப் பையன்கள் வீடியோ பார்த்துப் பார்த்து அவற்றை ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். 2023 பிப்ரவரியில் 83 லட்சம் கார்களுக்கு இலவச சாப்ட்வேர் என்று அறிவித்தார்கள். அது வந்து சேரும் வரைக்கும் என்ன செய்தார்கள் தெரியுமா? போலீஸ் வழியாக ஆயிரக்கணக்கில் ஸ்டீரிங் லாக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியும் கடைசியில் இந்த இரும்புக் கம்பியிடம்தான் வந்தது.

மாட்டும் விதத்தில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. சாவித் துவாரம் உங்கள் முகத்தைப் பார்க்காமல் டேஷ்போர்டைப் பார்க்கும்படி மாட்டுங்கள். பூட்டைக் குடையவோ தட்டவோ கை போகாது. கம்பியின் நீண்ட முனை கதவுப் பக்கம் இடிக்கிற மாதிரி ஸ்டீரிங்கைத் திருப்பிவிடுங்கள். நிறம் மஞ்சளோ சிவப்போ. நம் ஊரில் கறுப்பு டின்ட் ஒட்டாத கார் எது? பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே இருட்டு, பூட்டு இருப்பதே தெரியாது. கண்ணாடியை உடைத்த பிறகு தெரிந்து பயனில்லை. முன்கண்ணாடி சட்டப்படி 70 விழுக்காடு வெளிச்சம் விடவேண்டும் என்பதால் அந்தப் பக்கமிருந்து பார்த்தால் மின்னுகிற நிறமாக எடுங்கள். டேஷ்போர்டில் டவலை விரித்து அதையும் மூடிவைக்காதீர்கள்.

ஸ்டீரிங்கிலிருந்து கீழே பெடல் வரை போகும் இரட்டைக் கொக்கி வகை ஒன்று உண்டு. அதில் ஸ்டீரிங்கும் திரும்பாது, பெடலும் மிதிபடாது. ஆனால் வட்டத்தை அறுத்தால் இதுவும் கழன்றுவிடும். பெடலை மட்டும் பிடிக்கும் பூட்டு எனக்கு இதைவிடப் பிடிக்கும். கீழே, காலடியில், ஹாக்சாவை இழுக்க இடமே இல்லாத இடத்தில் இருக்கிறது. மேனுவல் காருக்கு கிளட்சில் மாட்டுவார்கள், ஆட்டோ காருக்கு பிரேக்கில். உங்கள் காடி ஆட்டோ என்றால் பிரேக்தான். இப்போதைய ஆட்டோ கார்களில் பிரேக்கை மிதிக்காமல் கியர் 'பி'-யை விட்டு நகராது. ஒரே குறை, குனிந்து மாட்டவேண்டும். இடுப்பு வலிக்காரருக்கு ஆகாது. வெளியிலிருந்து பார்ப்பவன் கண்ணிலும் படாது.

கியர் லாக் இவை எல்லாவற்றையும்விட உறுதி. தரையோடு போல்ட் வைத்து, போல்ட் தலையை முறித்துவிடுவார்கள். ஸ்பேனர் போட்டுக் கழற்ற முடியாது. மேனுவல் காரை ரிவர்சில் வைத்து, ஆட்டோ காரை 'பி'-யில் வைத்துப் பூட்டவேண்டும். எப்போதும் காரிலேயே இருப்பதால் சீட்டுக்கு அடியில் போகும் பேச்சே இல்லை. ஆனால் போட்டுக்கொடுக்க ஆள் வேண்டும், நல்லதாகப் போட்டால் உங்கள் 200 வெள்ளிக்குள் அடங்காது. தீபாவளி போனஸ் வரட்டும்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் பூட்டுகள். என் கணக்கில் ஒரு காருக்கு இரண்டு தடை வேண்டும். ஒன்று அவன் கண்ணில் படவேண்டும், மற்றொன்று படவே கூடாது. இரண்டும் ஒரே ஆயுதத்துக்கு மசியக் கூடாது. ஹாக்சாவோடு வந்தவனிடம் ஒயரிங் அறிவு இருக்கவேண்டும் என்றில்லை.

மறைத்து வைக்கிற தடையில் செலவே இல்லாதது பெட்ரோல் பம்ப் ஃபியூஸ். காரோடு வந்த கையேட்டைப் பார்த்து எந்த ஃபியூஸ் என்று தெரிந்துகொண்டு, ராத்திரி அதைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் இன்ஜின் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு கார் பழுது என்றுதான் தோன்றும். நடு ரோட்டில் செத்துப்போன காரோடு போராட அவன் இருக்க மாட்டான். சில கார்களில் அதே ஃபியூஸில் வேறு சாமான்களும் சேர்ந்திருக்கும், அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கார்புரேட்டர் கார்களுக்கு, ஆரம்ப கால கஞ்சில், சாகா, இஸ்வாரா மாதிரியானவற்றுக்கு, ரோட்டர். பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு சாமான் உட்கார்ந்திருக்கும். உருவி எடுத்தால் ஸ்பார்க் போகாது. இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1940-ல் ஜெர்மன்காரன் எந்த நேரமும் இறங்கிவிடுவான் என்று இங்கிலாந்து பயந்திருந்த சமயத்தில், நிறுத்திவிட்டுப் போகும் காரை எதிரி ஓட்ட முடியாதபடி செயலிழக்க வைக்கவேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ரோட்டரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் ஜனங்கள் கடைக்குப் போனார்கள். உங்கள் மைவியில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது இன்னொரு வழி. 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். கைக்குத் திருகும் குமிழ் வைத்த டெர்மினலும் மலிவாகக் கிடைக்கிறது. தினமும் செய்தால் கடிகாரம், ரேடியோ எல்லாம் ஒவ்வொரு காலையும் அழிந்து நிற்கும், எரிச்சல் வரும். ஒரு வாரம் ஊருக்குப் போகும்போது செய்யலாம். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பேட்டரியைக் கழற்றினால் காரோடு வந்த அலாரமும் செத்துவிடும். தனி பேட்டரி இருந்தால் மட்டும் கத்தும்.

இம்மொபிலைசர் உங்கள் காரில் இருக்கிறதா என்று தெரியவில்லை என்றால் சுலபமான சோதனை உண்டு. சாவி வெட்டும் கடையில் சிப் இல்லாத வெறும் உலோகச் சாவி ஒன்று வெட்டிப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் பிடித்து ஓடினால் இம்மொபிலைசர் இல்லை. பிடித்த கையோடு அணைந்தாலோ பிடிக்கவே மறுத்தாலோ இருக்கிறது. அந்தச் சாவி கதவு திறக்க ஸ்பேராக இருக்கட்டும்.

இனி நிறுத்தும் விதம். இதற்குக் காசே வேண்டாம், ஆனால் ரொம்பப் பேர் யோசிப்பதில்லை. திருடிக்கொண்டு போவது எப்போதும் ஓட்டித்தான் என்றில்லை. இழுவை லாரியோடு பட்டப்பகலில் வந்து தூக்கிப் போவதும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் 'பாவம், காடி ரிப்பேர்போல' என்று வேடிக்கை பார்ப்பார். மைவி, சாகா எல்லாம் முன் சக்கரம் இழுக்கும் கார்கள். மூக்கு ரோட்டைப் பார்த்து நின்றால் லாரிக்காரன் முன் சக்கரத்தைத் தூக்குவான், பின்னால் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். மூக்கு சுவரைப் பார்த்து நின்றால் அவன் பின்பக்கத்தைத் தூக்கவேண்டும், 'பி'-யில் கட்டுண்ட முன் சக்கரம் தரையில் தேயும். ஸ்டீரிங்கையும் முழுக்க ஒரு பக்கம் ஒடித்துப் பூட்டிவிட்டால் நேராக வரவே வராது. ரோட்டோரம் நீளவாக்கில் நிறுத்துகிறீர்கள் என்றால் முன் சக்கரத்தை கால்வாய்க் கட்டைப் பக்கம் ஒடித்து வையுங்கள். முன்னும் பின்னும் இடைவெளி விடாமல் அண்ணனின் பழைய மோட்டார் சைக்கிளை பின் பம்பரோடு ஒட்டி நிறுத்தி, அதன் சக்கரத்துக்கு ஒரு சங்கிலி போடுங்கள். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் எங்கள் கிராணி, தோட்டத்துக் கணக்கர், தன் காருக்குப் பின்னால் சாமான் ஏற்றும் கைவண்டியைக் கட்டிப் போடுவார். நாங்கள் சிரிப்போம். அவர் காடி கடைசிவரை போகவில்லை.

அண்ணனின் காருக்கும் ஒரு வார்த்தை. கேட்டுக்குப் பெரிய பூட்டு போட்டிருப்பீர்கள். கேட் தொங்கும் கீலைப் பார்த்தீர்களா? இரண்டு கீலின் முளையும் மேல் நோக்கி நின்றால், இரண்டு ஆள் பிடித்துத் தூக்கினால் கேட் பூட்டோடு சேர்ந்து கழன்று வந்துவிடும். மேல் கீலின் முளையைத் தலைகீழாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

சக்கரத்துக்குப் போடும் கிளாம்ப், நகராண்மைக்காரர்கள் போடுவார்களே அந்த மாதிரி, கார் ஒரே இடத்தில் பல நாள் நிற்கும்போதுதான் பொருந்தும். ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு இடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் போய் மூன்று நாள் கழித்து வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். தூரத்திலிருந்தே தெரியும். மாட்டிய கையோடு ஸ்டீரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். கிளாம்ப் இருப்பதை மறந்து காரை எடுத்து ஃபெண்டரை நசுக்கிக்கொண்டு வந்தவர்கள் எனக்கு நல்ல வாடிக்கையாளர்கள்.

ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: அடியில் தொங்கும் ஸ்பேர் டயருக்குச் சங்கிலி போடுங்கள், பின் கதவின் கீலில் ரேடியேட்டர் குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளிப் ஒன்றை இறுக்கிவிடுங்கள். கதவை உருவி எடுக்க முடியாது. இரண்டு வெள்ளிச் சாமான். சாவி இல்லாமல் பட்டனில் ஓடும் புது கார்களுக்கு வேறு தொல்லை. வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் சிக்னலை வெளியே நின்று பிடித்து நீட்டி காரைத் திறக்கிறார்கள். சாவியை மைலோ டின்னுக்குள் போட்டு உலோக மூடியை அழுத்தி மூடுங்கள். டின்னோடு கார் பக்கத்தில் போய்க் கைப்பிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் அந்த டின் சரியில்லை, வேறு டின் பாருங்கள்.

பூட்டு வாங்கினால் மட்டும் போதாது, நம் பேராக் மழைக்கு ஆறு மாதத்தில் சாவி திரும்ப மறுக்கும். உடனே சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். அது தூசியோடு சேர்ந்து உள்ளே களியாகி, ஒருநாள் சாவி பாதியில் முறியும். பிள்ளையின் 2பி பென்சிலை எடுத்து சாவியின் பல் கறுக்கிறவரை தேய்த்து, துவாரத்தில் நாலைந்து தடவை விட்டு எடுங்கள். பென்சில் முனையில் இருக்கும் கிராபைட்தான் பூட்டுக்கு ஏற்ற மசகு. காய்ந்தே இருக்கும், தூசி பிடிக்காது.

கண்ணாடிகளில் காடி நம்பரைப் பொறித்து வைப்பதும் நல்லது. அத்தனை கண்ணாடியும் மாற்றினால்தான் வேறு நம்பரில் விற்கமுடியும். வெட்டித் துண்டு துண்டாக விற்கிறவனை அது தடுக்காது, அதையும் சொல்லவேண்டும். காடியின் பதிவுப் பத்திரமான கிரான்ட்டை, அதன் நகலைக்கூட, காருக்குள் வைக்காதீர்கள். சாதாரண தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் திருட்டுக்கு ஒரு காசு தராது. திருட்டும் சேர்ந்த பாலிசியா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். காம்ப்ரிஹென்சிவ் இருந்து கிளெய்ம் செய்தாலும் வருஷக்கணக்கில் சேர்த்த 55 விழுக்காடு என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். கள்ளனுக்குக் குற்றவியல் சட்டம் 379ஏ பிரிவில் ஒரு வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை இருக்கிறது. உங்கள் என்சிடியை அது திருப்பித் தராது.

உங்கள் 200 வெள்ளிக்கு வருவோம். மஞ்சள் நிற ஸ்டீரிங் லாக் ஒன்று, பிரேக் பெடல் லாக் ஒன்று வாங்குங்கள். இரண்டுக்கும் விலை குறைந்ததை எடுக்கவேண்டாம். சாவி தட்டையாக, இரண்டே பல்லோடு இருந்தால் வாங்காமல் கடையிலேயே திரும்ப வைத்துவிடுங்கள். மீதியில் மோட்டாருக்குச் சங்கிலி, வாசலுக்கு ஆள் நடந்தால் எரியும் சோலார் விளக்கு. ராத்திரி ஃபியூஸ். இது போதும்.

ஃபியூஸ் பிடுங்குவது அலுத்துப்போனால் பெட்ரோல் பம்ப் ரிலேக்கு மறைவாக ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் தெரிந்த ஒயர்மேனிடம் மட்டும். மலிவு சுவிட்ச், ஒழுங்காகப் பற்றவைக்காத இணைப்பு என்றால் புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் லாரிக்கு முன்னால் இன்ஜின் நின்றுபோகும். கம்பெனி வாரண்டி இருக்கும் காரில் ஒயரைத் தொடவே கூடாது. எங்கே வைத்தாலும் ஹேண்ட் பிரேக் பக்கமோ ஸ்டீரிங்குக்குக் கீழேயோ வேண்டாம், எல்லோரும் முதலில் தடவுவது அங்கேதான்.

நான் என் காரில் வைத்த இடத்தை யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை. ஒரு மதியம் நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவள் பேரனை அழைத்துவரக் காடியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் சுவிட்சை அணைத்து வைத்திருந்தேன். முனை திரும்பி, மார்க்கெட் வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டது. நல்ல மழை. தள்ளிவிட்ட நாலு பேரில் இரண்டு பேர் என் பழைய கஸ்டமர்கள். மெக்கானிக் வீட்டுக் காடி நடு ரோட்டில் நிற்கிறது என்று டவுன் முழுக்க ஒரு வாரம் பேச்சு. அன்று சாயங்காலமே அவளை உட்காரவைத்து சுவிட்ச் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டேன். மகனுக்கு இன்னும் காட்டவில்லை.